பத்தாவது கேள்விக்குப் பூஜ்யம்

"பத்த வெச்சாச்சா?"

காலை எட்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ராக்னா அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, பிர்ச் மர விறகின் பட்டையை உரித்துக் கீழே திணித்துக்கொண்டிருந்தாள். குரல் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் வருஷத்தில் திரும்பிப் பார்த்தாள். சமையலறையும் காப்பிப் பாத்திரமும் மழை வழியும் ஜன்னலும்தான் இருந்தன. அதற்குப் பிறகு கழுத்துக்கு வீண் வேலை கொடுப்பதை விட்டுவிட்டாள்.

எட்டு வயதுப் பெண்குழந்தையின் குரல். தொண்டை கொஞ்சம் கட்டினாற்போல இருக்கும். நாலு வருஷமாக ஒரு நாள் தவறாமல், ஒரே நேரத்தில், ஒரே ஒரு கேள்வி. ராக்னா பதில் சொன்னதில்லை. தீக்குச்சியைக் கிழிப்பாள், பட்டை பற்றும், குரல் போய்விடும்.

வேறு யாராவது என்றால் பாதிரியாரிடமோ டாக்டரிடமோ ஓடியிருப்பார்கள். ராக்னா ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்தாள். முப்பத்தைந்து வருஷம் பள்ளிப் பிள்ளைகளின் புத்தியை அளந்து எண் போட்ட கை அது, வேறென்ன செய்யும்? தேதி, மணி, சொன்ன வார்த்தை என்று மூன்று கட்டம் போட்டு ஒரு மாதம் எழுதினாள். முப்பத்தோரு நாளும் ஒரே வார்த்தை. இவ்வளவு மாறாத பதிலை எந்தப் பரீட்சையிலும் தான் கண்டதில்லை என்று நினைத்தாள். இல்லை, ஒரே ஒரு முறை கண்டதுண்டு. அந்தப் பிள்ளையின் குரல்தான் இது. நோட்டுப் புத்தகத்தை மூடி விறகுப் பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

அன்றைக்கு அடுப்பு பற்றிக்கொண்டதும் தொலைபேசி அடித்தது.

"ராக்னா த்வைட் அம்மாவா? நகராட்சி ஆவண அறையிலேர்ந்து எஸ்கில் பேசறேன். உங்க எழுத்தை உங்களாலே படிக்க முடியுமா?"

"எந்த வருஷத்து எழுத்து?"

"அறுபத்தொண்ணு."

"அப்போ நல்லாத்தானே எழுதுவேன்."

"எழுத்தே இல்லைங்க இது. கோழி சேத்துல நடந்த மாதிரி இருக்கு."

"அது சுருக்கெழுத்து தம்பி. பிள்ளைங்க பேசற வேகத்துக்கு அப்படித்தான் எழுதணும். இப்போ எதுக்கு அது?"

"ஒருத்தங்க வந்து அவங்க பழைய பரீட்சைக் காகிதத்தைக் கேட்டாங்க. பார்க்க உரிமை இருக்கு, எடுத்துக் குடுத்தேன். பார்த்தாங்க. ஆனா படிக்க ஊர்ல ஆள் இல்லை. நீங்க இன்னும் உசிரோட இருக்கீங்களான்னு விசாரிச்சுச் சொல்லச் சொன்னாங்க."

"இருக்கேன்னு சொல்லு. பேரு என்ன?"

"ஒட்னி. ஸ்கார்வோய்த் தீவுல பொறந்தவங்களாம்."

ராக்னா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அடுப்பில் விறகு சடசடவென்று வெடித்தது.

"கேக்குதுங்களா?"

"கேக்குது. நாளைக்குப் பதினொரு மணிக்கு வரேன்."

ஸ்கார்வோய்ச் சிறுமியை மறக்கவா முடியும்? ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் வருஷா வருஷம் அவளைப் பற்றித்தான் வகுப்பெடுத்தாள். "ஒரு பரீட்சையை நம்பலாமா கூடாதான்னு எப்படித் தெரியும்? ஒரே பிள்ளைக்கு ரெண்டு தடவை வெச்சுப் பாருங்க. ஒரு தீவுல ஒரு பொண்ணு. அக்டோபர்ல நான் வெச்சேன், அறுபத்தெட்டு. பிப்ரவரியிலே என்னோட வேலை பார்த்தவர் வெச்சார், அதே அறுபத்தெட்டு. வார்த்தைகூட மாறலை. ஏழாவது கேள்வியிலே தும்மினாள் பாருங்க, நாலு மாசம் கழிச்சு அதே ஏழாவது கேள்வியிலே மறுபடியும் தும்மினாள்." வகுப்பு சிரிக்கும். ராக்னாவும் சிரிப்பாள். இருபத்திரண்டு வருஷம் சிரித்திருக்கிறாள்.

மறுநாள் காற்று பலமாக இருந்தது. அவள் வீடு இருந்த கடல்முனையிலிருந்து ஊருக்குப் படகில் பத்து நிமிஷம், வளைகுடாவைச் சுற்றிப் பேருந்தில் முக்கால் மணி நேரம். ராக்னா பேருந்தில் போனாள். ஆவண அறை நூலகத்துக்குக் கீழே நிலவறையில் இருந்தது. நீள மேஜை ஒன்று, இரண்டு நாற்காலிகள் எதிரெதிராக. அந்த மாதிரி மேஜையைப் பார்த்தாலே ராக்னாவின் கை தானாகக் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைக்கப் போகும். இன்றைக்குப் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

எதிரே இருந்த பெண்ணுக்கு ஐம்பது, ஐம்பத்தொன்று இருக்கும். கடலில் திரிகிறவர்கள் போடும் தடித்த கம்பளிச் சட்டை, குளிரில் வெடித்த கை. எழுந்திருக்கவில்லை.

"சுருங்கிட்டீங்க டீச்சர். அப்போ கதவு உயரம் இருந்தீங்க."

"நீ அப்போ மேஜை உயரம்."

"இப்போ மீன் தொழிற்சாலையிலே பதினெட்டுப் பேருக்கு நான் மேஸ்திரி. அதை அந்தக் காகிதத்துக்குச் சொல்லிடாதீங்க, கோவிச்சுக்கும்."

எஸ்கில் உறையைக் கொண்டுவந்து வைத்தான். காதில் வளையம் போட்ட இளைஞன், கைகளில் வெள்ளைக் கையுறை. "பேனா கூடாதுங்க, பென்சில்தான். காகிதத்திலே எதுவும் எழுதக் கூடாது. காப்பி வேணும்னா மேலே போய்த்தான் கொண்டுவரணும்."

"கொண்டுவா," என்றாள் ஒட்னி. "எனக்குச் சர்க்கரை ரெண்டு. டீச்சருக்கு?"

"வேண்டாம்."

"இந்த ஒண்ணுலயாவது நீங்க என்னைவிடக் கம்மி."

உறைக்குள் இரண்டு தாள்கள். ஒன்று ராக்னா எழுதியது. மற்றது அவளோடு வேலை பார்த்த ட்ரிக்வே எழுதியது. இரண்டின் கீழேயும் அறுபத்தெட்டு என்று வட்டம் போட்டிருந்தது. எழுபதுதான் வரம்பு. எழுபதும் அதற்கு மேலும் வாங்கின பிள்ளை ஊர்ப் பள்ளியிலேயே இருக்கலாம். கீழே போனால், கரைக்கு அழைத்துப்போய் மந்தப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் விடுவார்கள்.

"உனக்கு என்ன தெரியணும்?"

"எந்தக் கேள்வியிலே தோத்தேன்னு தெரியணும். அவ்வளவுதான்."

"இத்தனை வருஷம் கழிச்சா?"

"விடுதியிலே முதல் ராத்திரியிலேர்ந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன், டீச்சர். பதில் சொல்ல ஆள் இல்லை. நானா ஒண்ணு நெனச்சு வெச்சிருக்கேன். அன்னிக்கு நான் ஜன்னலையே பார்த்துக்கிட்டு இருந்தேன். நீங்க 'இங்கே பாரு, இங்கே பாரு'ன்னு ரெண்டு தடவை சொன்னீங்க. அதுக்காகத்தான் அனுப்பிட்டீங்கன்னு."

"ஜன்னல்ல என்ன இருந்தது?"

"மோன்ஸ் வீடு."

ராக்னா காத்திருந்தாள். பேசுகிறவர்களைக் காத்திருந்து பேச வைப்பது அவளுக்குப் பழகின வித்தை.

"எதிர்த் திட்டுலே தனியா இருந்தாரு. எழுபத்தெட்டு வயசு. அவர் புகைபோக்கி எங்க வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் தெரியும், மத்தவங்களுக்குப் பாறை மறைக்கும். அப்பா என்கிட்ட சொல்லியிருந்தாரு, 'காலைல முதல் வேலை, மோன்ஸ் புகையைப் பாரு. வந்தா சரி. வரலேன்னா ஓடி வந்து சொல்லு'ன்னு. அஞ்சு வயசுலேர்ந்து அது என் வேலை. அன்னிக்கு மனுஷன் தூங்கிட்டாரு போல. நீங்க கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தப்போ இன்னும் புகை வரலை."

"அப்புறம் வந்ததா?"

"வந்தது. நீங்க கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கிட்டு இருந்தப்போ." ஒட்னி விரலால் தாளைத் தள்ளினாள். "படிங்க."

ராக்னா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கோழிக்கால் கோடுகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. முதல் கேள்வி, ஒரு வாரத்துக்கு எத்தனை நாள். சரி. இரண்டாவது, ரயில் நிலையத்தில் டிக்கெட் எங்கே வாங்குவாய். "ரயிலைப் பார்த்ததில்லை" என்று பதில். பூஜ்யம்.

"ரயிலுக்கு வருத்தமா இருந்திருக்கும்," என்றாள் ஒட்னி.

மூன்று, நான்கு, ஐந்து. எதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆறு. ஏழாவதில் ஓரமாகச் சின்னதாக எழுதியிருந்தது.

"தும்மினாள்."

"அதுக்கும் மார்க் குறைச்சீங்களா?"

"இல்லை. எல்லாத்தையும் எழுதணும்னு விதி."

எட்டு. ஒன்பது. பத்தாவது வரியில் ராக்னாவின் விரல் நின்றது. அந்த வரியைப் படிக்கவே வேண்டியதில்லை அவளுக்கு. நாற்பத்திரண்டு வருஷத்தில் அது ஒரு நாளும் அவளை விட்டுப் போனதில்லை. எதிரே இருப்பவளுக்கு இந்தக் கோடு புரியாது, ஊரில் இதைப் படிக்கத் தெரிந்த ஒரே உயிர் தான்தான் என்று நினைத்தாள். ஒரு வரியை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? ஜன்னலைத்தான் பார்த்தாய், கவனம் போதவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னால் இந்தப் பெண் எழுந்து போய்விடுவாள்.

"பதினொண்ணாவது," என்றாள் ராக்னா. "ஒரு குரோன் நாணயத்துக்கு எத்தனை..."

"பத்து?"

"என்ன?"

"ஒன்பது படிச்சீங்க. இப்போ பதினொண்ணுங்கறீங்க. எனக்கு எண்ணத் தெரியாதுன்னு இதுல எழுதியிருக்கா?"

"இல்லை. எண்ணறதுல நீ முழு மார்க்."

"அப்போ பத்தைப் படிங்க."

மேலே எஸ்கில் யாருடனோ சிரித்துப் பேசுவது கேட்டது. ராக்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள்.

"கேள்வி. 'பக்கத்து வீட்டிலிருந்து புகை வருவதைப் பார்க்கிறாய். என்ன செய்வாய்?'"

ராக்னாவின் விரல் அடுத்த வரிக்கு நகர்ந்தது.

"பதில். 'புகை வந்தா நல்லதுதானே. ஒண்ணும் செய்ய வேண்டாம். வரலேன்னாத்தான் ஓடணும்.'"

"சரியாத்தானே சொல்லியிருக்கேன்."

"விடைப் புத்தகத்திலே, தீயணைப்புக்குச் சொல்வேன்னா ரெண்டு மார்க். பெரியவங்களைக் கூப்பிடுவேன்னா ரெண்டு. தண்ணி ஊத்துவேன்னா ஒண்ணு. மத்தது எதுவானாலும் பூஜ்யம்."

"ஸ்கார்வோய்லே தீயணைப்பு ஏது?"

"தலைநகரத்திலே உக்காந்து எழுதின புத்தகம்."

ஒட்னியின் உதடு அசைந்தது. அவள் கூட்டிப் பார்க்கிறாள் என்று ராக்னாவுக்குப் புரிந்தது. அறுபத்தெட்டும் இரண்டும்.

"எழுபது," என்றாள் ஒட்னி.

"ஆமா."

"எழுபதுன்னா வீட்டிலேயே இருந்திருப்பேன்."

"ஆமா."

காப்பி வந்தது. எஸ்கில் இரண்டு முகங்களையும் பார்த்தான், கோப்பையை வைத்தான், ஏதோ உறை எடுக்க வேண்டும் என்று முனகிக்கொண்டு அலமாரிகளுக்கு நடுவில் போய்விட்டான். ஒட்னி சர்க்கரையைப் போட்டுக் கலக்கினாள், கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க எந்த ஊர், டீச்சர்? முனையிலே இருக்கீங்கன்னு இந்தத் தம்பி சொன்னான், அதுக்கு முன்னாலே?"

இந்தக் கேள்விக்குத்தான் ராக்னா இத்தனை நாள் பயந்திருந்தாள்.

"வடக்கே ஒரு தீவு. ஏழு வீடு."

"அப்போ உங்க ஊர்லயும் புகை பார்ப்பாங்க."

"பார்ப்பாங்க. எங்க வீட்டுக்கு அத்தை வீடு, அத்தை வீட்டுக்கு எங்க வீடு."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சே பூஜ்யம் போட்டீங்க."

"விடைப் புத்தகத்துலே இல்லாததுக்கு மார்க் போடக் கூடாதுன்னு விதி. நான் தீவுக்காரி, தீவுப் பிள்ளைங்களுக்கு இரக்கப்பட்டுட்டேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு ஒரு வீம்பு. இருபத்தாறு வயசு. போட்டுட்டேன். ஆனா மனசு கேக்கலை. அதனாலதான் ரெண்டாவது தடவை வைக்கணும்னு நானே எழுதிக் குடுத்தேன். நான் தப்பு பண்ணியிருந்தா அது காட்டிக் குடுக்கும்னு நெனச்சேன். ட்ரிக்வே போய் வெச்சாரு. அதே அறுபத்தெட்டு. வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா இருந்தது. அப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது."

"ட்ரிக்வே யாரு?"

"உயரமா, சிவப்பு தாடி. செத்துப் பதினொரு வருஷம் ஆச்சு. பிப்ரவரியிலே வந்தாரே."

"யாரும் வரலை."

"உனக்கு மறந்திருக்கும். எட்டு வயசு."

"டீச்சர்," என்றாள் ஒட்னி பொறுமையாக, தொழிற்சாலையில் புதுசாக வந்த ஆளுக்குக் கத்தி பிடிக்கச் சொல்லித்தருவதுபோல. "அறுபத்திரண்டு பிப்ரவரியிலே மூணு வாரம் புயல். தபால் படகே வரலை. மாவு தீந்துபோய் உருளைக்கிழங்கும் உப்பு மீனுமா தின்னோம். என் தம்பி பொறந்தான், மருத்துவச்சி வர முடியாம அம்மாவே பெத்துப் போட்டா. சிவப்புத் தாடி வெச்ச ஒருத்தன் அந்தக் கடல்ல வந்து எறங்கியிருந்தா, தீவே அவனைப் பத்தி இன்னிக்கு வரைக்கும் பேசும். அது என்ன தேதி?"

ராக்னா இரண்டாவது தாளைப் பக்கத்தில் இழுத்தாள். பிப்ரவரி பதினாலு. தேதி நேராகத்தான் எழுதியிருந்தது. கேள்விகள் ஒன்று, இரண்டு. ரயிலைப் பார்த்ததில்லை. மூன்று, நான்கு. ஏழாவது கேள்வியின் ஓரத்தில், ட்ரிக்வேயின் சாய்ந்த சுருக்கெழுத்தில், சின்னதாக.

தும்மினாள்.

இருபத்திரண்டு வருஷத்துச் சிரிப்பு ஒன்றாகச் சேர்ந்து அந்த நிலவறையில் கேட்டது. இதைக் கண்ணால் பார்த்துத்தானே வகுப்பில் சொன்னாள்? எந்தப் பிள்ளை நாலு மாதம் கழித்து வார்த்தை மாறாமல் பதில் சொல்லும்? எந்தப் பிள்ளை குறிப்பிட்ட கேள்விக்குத் தும்மும்? நல்ல பரீட்சையிலும் எண் மூன்று நான்கு புள்ளி மேலே கீழே ஆடும் என்று அந்த விடைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. கட்டிப்போட்ட படகு தினமும் ஒரே இடத்தில்தான் நிற்கும், அதற்காக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது என்பார்களா என்று மாணவர்களிடம் கேட்டவளும் அவள்தான்.

"அவர் போகலை," என்றாள். "படகு இல்லை. என் தாளைப் பார்த்து எழுதிட்டாரு."

"ஏன்?"

"ராக்னா சரியாத்தான் போட்டிருப்பான்னு நெனச்சிருப்பாரு."

"நீங்க அவரை நம்பினீங்க. அவர் உங்களை நம்பினாரு."

"ஆமா."

"என்னை யாரும் நம்பலை."

ஒட்னி காப்பியைக் குடித்து முடித்தாள். கோப்பையைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"ஆகஸ்ட்ல என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. நவம்பர்ல மோன்ஸ் செத்தாரு. அடுப்புகிட்ட விழுந்திருக்காரு, இடுப்பு ஒடிஞ்சு. அப்பா கடல்ல, அம்மா கைக்குழந்தையோட. மூணு நாள் கழிச்சுத்தான் யாரோ கவனிச்சிருக்காங்க, புகை இல்லையேன்னு. மூணு நாள் உசிரோட இருந்திருக்காருன்னு டாக்டர் சொன்னாராம். விறகுப் பெட்டியைப் பிராண்டின நகம்." அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். "அம்மா கடுதாசி போட்டா. நான் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஒரே ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா நான் அங்கே இருந்திருப்பேன்னு நெனச்சேன். அந்தக் கேள்வி எதுன்னுதான் தெரியாம இருந்தது."

"நீ ஒழுங்காத்தான் சொன்னே."

"எழுதிக் குடுங்க."

அலமாரிக்குப் பின்னாலிருந்து எஸ்கில் தலையை நீட்டினான். "ஆவணத்திலே எழுதக் கூடாதுங்க. சட்டம்."

"வேற தாள் குடு," என்றாள் ராக்னா. "பேனாவும்."

அவன் கொடுத்தான். ராக்னா எழுதினாள். சுருக்கெழுத்தில் அல்ல, பள்ளிக்கூடத்து நேர் எழுத்தில். பத்தாவது கேள்விக்கு ஒட்னி சொன்ன பதில் சரி. எனக்கு அது அன்றைக்கே தெரியும். இரண்டாவது பரீட்சை நடக்கவே இல்லை. கீழே கையெழுத்து, தேதி. ஒட்னி இரண்டு முறை படித்தாள், நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்தாள்.

"பாஸ்," என்றாள். சிரிக்கவில்லை. எழுந்து, தோளில் பையை மாட்டினவள் நின்றாள். "பேருந்துலயா வந்தீங்க? முனையிலே எந்த வீடு?"

"கடைசி. சிவப்பு வீடு."

ஒட்னி திரும்பி அவளைப் பார்த்தாள். அன்றைக்கு முதல் தடவையாக அந்தப் பார்வையில் கேலி இல்லை.

"எட்டு மணிக்குப் புகை வருமே, அந்த வீடா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் நேர் எதிரே இருக்கேன், மஞ்சள் வீடு, படகுத்துறைக்கு மேலே. நாலு வருஷம் ஆச்சு குடிவந்து. பழக்கம் விடலை, காலைல எந்திரிச்சதும் எந்தப் புகைபோக்கி தெரியுதோ அதைப் பார்க்கணும். உங்களுதுதான் தெரிஞ்சது. யார் வீடுன்னு கேட்டதில்லை. ஜன்னல்கிட்ட நின்னு, மோன்ஸுக்குச் சொல்ற மாதிரி வாய்க்குள்ளேயே சொல்லிக்குவேன்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "பத்த வெச்சாச்சான்னு."

ராக்னா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்லை. நாலு வருஷமா?"

"நாலு. இலையுதிர்காலத்துல வந்தேன். தெரிஞ்சிருந்தா," என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். தெரிந்திருந்தால் பார்த்திருப்பாளா மாட்டாளா என்று அவள் சொல்லவில்லை. படியேறிப் போய்விட்டாள். கம்பளிச் சட்டைக்குள்ளிருந்து காகிதம் நசுங்கும் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

மறுநாள் காலை ராக்னா ஏழரைக்கே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பட்டை உரித்து, விறகு அடுக்கி, தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். இன்றைக்குக் கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். பத்த வெச்சாச்சு, ஒட்னி. வாய்க்குள் சொல்லியும் பார்த்தாள்.

எட்டுக்கு ஐந்து நிமிஷம். குரல் வரவில்லை.

எட்டு. காற்று புகைபோக்கிக்குள் ஊளையிட்டது. கடிகாரம் ஓடுகிற சத்தம் அந்த வீட்டில் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குரல் வரும், பிறகு குச்சியைக் கிழிக்கலாம் என்று காத்திருந்தாள். கை தானாகக் கிழிக்க மறுத்தது. எட்டேகால். ஜன்னல் வழியே பார்த்தாள். வெளிச்சம் சாம்பல் நிறத்தில் பரவியிருந்தது. எதிர்க்கரையில் மஞ்சள் வீட்டின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. விளக்குக்கு முன்னால் ஓர் ஆள் நிற்பதுபோல ஓர் இருட்டு.

அவள் கேட்கவில்லை. கேட்காமல் பார்க்கிறாள்.

பார்க்கலாம், என்றது ராக்னாவுக்குள் ஒன்று. அது பிள்ளையின் குரல் அல்ல. இருபத்தாறு வயது ராக்னாவின் குரல், கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறவளின் குரல். என்ன செய்கிறாள் பார்க்கலாம். யார் வீடு என்று இப்போது தெரிந்துவிட்டதே.

எட்டரை. மஞ்சள் வீட்டு ஜன்னலிலிருந்து அந்த இருட்டு விலகியது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அவ்வளவுதான், வேலைக்குப் போய்விட்டாள் என்று ராக்னா நினைத்தாள். நியாயம்தான் என்றும் நினைத்தாள். இடுப்பு ஒடிந்து மூன்று நாள் கிடந்தால் நகம் என்ன ஆகும் என்று தன் விரல்களைப் பார்த்தாள்.

படகுத்துறையில் ஏதோ அசைந்தது.

மஞ்சள் மழைக்கோட்டு. சின்னப் படகு. யாரும் கடலில் இறங்காத காற்று அது. படகு துறையை விட்டு வந்ததும் முதல் அலை அதைத் தூக்கிப் பக்கவாட்டில் போட்டது. ராக்னா எழுந்து நின்றுவிட்டாள். படகு நிமிர்ந்தது. மூக்கை முனைப்பக்கம் திருப்பியது. இரண்டாவது அலையில் மறைந்தது, வந்தது, மறுபடி மறைந்தது.

"வேண்டாம்," என்றாள் ராக்னா ஜன்னல் கண்ணாடியிடம். "போதும், வேண்டாம், நான் நல்லா இருக்கேன்."

குச்சியைக் கிழித்தாள், ஒடிந்தது. இன்னொன்று, பற்றியதும் அணைந்தது. விறகுப் பெட்டிக்குள் கையை விட்டாள், பழைய நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. மூன்று கட்டம் போட்ட பக்கங்களைக் கிழித்துக் கசக்கித் திணித்தாள். மூன்றாவது குச்சிக்குப் பிடித்துக்கொண்டது. ஈர மரத்தை மேலே போட்டாள், நிறையப் புகையட்டும் என்று. வீட்டுக்குள்ளும் புகைந்து கண்ணைக் கரித்தது. வாசற்கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடி வந்து கூரையைப் பார்த்தாள். கறுப்பாக, திரளாக, காற்று அடித்த பக்கம் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது புகை.

"பத்த வெச்சாச்சு," என்று கத்தினாள். காற்று அதை வாயிலேயே பிடுங்கிக்கொண்டது.

வளைகுடாவின் நடுவில் படகு நின்றது. எஞ்சினைக் குறைத்துவிட்டாள் போல, அலைமேல் ஏறி இறங்கிக்கொண்டு ஒரே இடத்தில் நின்றது. மழைக்கோட்டுக்குள் முகம் தெரியவில்லை. இந்த வீட்டைத்தான் பார்க்கிறாள் என்று மட்டும் தெரிந்தது. ராக்னா கையைத் தூக்கினாள்.

வரட்டும், என்று நினைத்தாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டாள், பாதி தூரம் வந்தாயிற்று, வந்து ஒரு காப்பி குடித்துவிட்டுப் போகட்டும், சர்க்கரை இரண்டு. கேட்பதற்கு ஆயிரம் இருந்தது, சொல்வதற்கு ஒன்று இருந்தது. தலைக்கு மேல் புகை போய்க்கொண்டே இருந்தது.

படகு மெதுவாகத் திரும்பியது. கையசைப்பு ஒன்றுமில்லை. எஞ்சின் சத்தம் கூடி, பிறகு தேய்ந்து, எதிர்க்கரையில் படகுத்துறையில் போய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மஞ்சள் வீட்டு ஜன்னலில் விளக்கு அணைந்தது.

புகை வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம்.